ஏரி காத்தவர் யார்?

வெயில் முற்றினால் வசதி படைத்தோர் மலையேறுவர். உதகை என்பர், கொடைக்கானல் என்பர். பணம் இன்னும் சற்று மிகுந்தோர் காசுமீரம் வரை சென்று, படகிலேறி, பனிமலையை ஏரி நீரிலே தலைகீழாகக் கண்டு, படமெடுத்து வந்து நம்மிடம் காட்டுவர். நானும் 2019-ஆம் ஆண்டு, கத்தரி வெயில் கொளுத்திய மே மாதத்தில், ஏரி பார்க்கப் புறப்பட்டேன். காசுமீரத்துக்கு அல்ல, செங்கற்பட்டுக்கு!

நகைக்காதீர்கள், தோழர்களே! முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். 'செங்கற்பட்டு, ஏரிகளின் மாவட்டம்' என்று கரும்பலகையிலே எழுதி எழுதிக் கை வெளுத்தவன். எழுதிய கைக்குரியவனோ அந்த ஏரிகளில் ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை. "ஏரி என்றால் என்ன சார்?" என்று கேட்ட பிள்ளைக்கு, "நம்மூர்க் கண்மாய் மாதிரிதான், கொஞ்சம் பெரியது" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வேன். எங்கள் பக்கத்தில் ஏரி என்ற சொல் பாடப் புத்தகத்தில்தான் உண்டு, பேச்சில் இல்லை. எங்களுக்குக் கண்மாய், நீர் மிகுந்து வழியும் இடம் எங்களுக்கு மறுகால், வடக்கே அது கலங்கல். சொல் வேறு, நீர் ஒன்று.

எனக்கு ஊர் தேவதானம். இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சேத்தூரைத் தாண்டினால் மேற்கே மலை நெருங்கி வரும். தென்னையும் மாவும் நெல்லும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அங்கே இருக்கிறது. ஊரின் பெயருக்குப் பொருள் அறிவீர்களா? தேவனுக்குத் தானமாகத் தந்த நிலம், தேவதானம். பார்ப்பனர்க்குத் தந்தால் பிரமதேயம்; சமணப் பள்ளிக்குத் தந்தால் பள்ளிச்சந்தம். கல்வெட்டுகளிலே இச்சொற்கள் மலிந்து கிடக்கின்றன. எங்கள் ஊர்ப் பெயரில் தேவன் இருக்கிறான், தானம் இருக்கிறது. அந்த நிலத்தைச் சேறாக்கிச் சோறாக்கியவன்? அவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். பெயருக்கு வெளியே, ஊருக்கும் வெளியே, கண்மாய்க் கரையின் கீழே குடியிருந்தான். அந்தக் குடியிருப்பிலே பிறந்தவன் நான்.

என் தந்தை நீர்ப்பாய்ச்சி. கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கிறது, எந்த மடையை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது, எல்லாம் அவர் கணக்கு. எழுதத் தெரியாதவர், ஆனால் அந்தக் கணக்கில் பிழை கண்டவர் இல்லை. அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல்லே அவருக்குக் கூலி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயணம் என் மகளின் ஏற்பாடு. சென்னையில் பொறியாளராகப் பணியாற்றுகிறாள். விடுமுறைக்கு வந்தவள் திரும்பும்போது, "அப்பா, நேராகப் போனால் ஒரே நாள். சுற்றிப் போனால் மூன்று நாள். நீங்கள் பாடம் நடத்திய ஏரிகளையெல்லாம் காட்டிவிடுகிறேன், வாருங்கள்" என்றாள். கார் ஓட்டியவளும் அவளே. என் தாய் மாட்டு வண்டியின் முன்புறத்தில் அமர்ந்ததற்காக வசை வாங்கியவள். பேத்தி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுகிறாள்! நான் பக்கத்தில் அமர்ந்து பயந்துகொண்டே பெருமைப்பட்டேன்.

திருவில்லிபுத்தூரும் திருமங்கலமும் மதுரையும் விரைந்து பின்னே சென்றன. வழியெங்கும் கண்மாய்கள், ஒன்றிலும் நீர் இல்லை. சீமைக் கருவேலம் மட்டும் செழித்து நின்றது. திருச்சியைக் கடந்து, அரியலூர் வழியே கங்கைகொண்ட சோழபுரம் சேர்ந்தோம். கங்கை வரை படை நடத்திய இராசேந்திரன், தோற்ற மன்னர்களைக் கொண்டு கங்கை நீரைச் சுமந்து வரச் செய்து, சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினானாம். நீராலாகிய வெற்றித் தூண் என்று அவன் மகிழ்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. நாங்கள் கண்ட தூண் வறண்டு கிடந்தது. பொன்னேரி என்ற பெயரில் ஆடுகள் மேய்ந்தன. மன்னர்கள் தலையில் சுமந்தது ஒரு குடம் நீர். ஏரிக்கான மண்ணைச் சுமந்த தலைகள் எத்தனை ஆயிரம்! செப்பேடு குடத்தை நினைவில் வைத்தது, கூடையை மறந்துவிட்டது.

அடுத்து வீராணம். பராந்தக சோழன் காலத்தது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சாலை கரையை ஒட்டியே செல்கிறது. அப்பா! அங்கேதான் முதன்முதலாக நீரைக் கண்டேன். ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நீர். மாலை வெயில் பட்டு அந்த நீர் செம்பு உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. கொள்ளிடத்துக் கீழணையில் தேங்கும் காவிரி வடவாற்றின் வழியே இங்கே வருகிறது. நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி கொள்ளும் என்று மகள் கணக்குச் சொன்னாள். "சென்னைக்கு இப்போது உயிர் கொடுப்பது இதுதான் அப்பா" என்றாள். 2004-ஆம் ஆண்டு முதல், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைநகரின் தாகத்தைக் குழாய் வழியே இந்த ஏரி தீர்த்து வருகிறது. கரையில் நின்ற உழவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பட்டணத்துக்குப் போகட்டுங்க, வேணாம்னா சொல்றோம்? குடிக்கிற தண்ணி. எங்க வயலுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும் இல்லையா?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆயினும் அந்தக் குரல் விழுப்புரம் விடுதியில் இரவெல்லாம் என் காதில் ஒலித்தது.

மறுநாள் மதுராந்தகம். சென்னை நெடுஞ்சாலையிலிருந்தே கரை தெரியும். உத்தம சோழனின் பட்டப்பெயர் தாங்கிய ஊர். ஏறத்தாழ 2,400 ஏக்கர் பரப்புள்ள ஏரி. இங்குள்ள கோயிலில் இராமனுக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். கதை இதுதான். 1790-களில் லயோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் இப்பகுதிக்குக் கலெக்டராக இருந்தார். ஆண்டுதோறும் மழைக்கு ஏரி உடைத்துக்கொண்டது. ஓராண்டு பெருமழை பெய்த இரவில், இன்றும் உடையும் என்று அஞ்சிக் கலெக்டர் கரைக்குச் சென்றார். மின்னல் வெட்டியது, வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார், உடல் சிலிர்த்தார், ஏரி உடையவில்லை. நன்றியாகத் தாயார் சன்னதியைக் கட்டித் தந்தார். கோயிலிலே இதை எங்களுக்குச் சொன்ன பெரியவர் கண்ணீர் மல்கச் சொன்னார். அவர் பக்தியை நான் பழிக்கவில்லை. கேட்டுக் கொண்டு நின்ற எனக்கோ வேறோர் இரவு கண்முன் வந்தது.

நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு. ஐப்பசி மழை. மலையிலே மூன்று நாள் விடாமல் கொட்டி, ஓடையெல்லாம் ஒன்றாய்த் திரண்டு எங்கள் கண்மாய்க்குள் புகுந்தது. நள்ளிரவில் கரையில் கசிவு கண்டது. என் தந்தையும் எங்கள் தெருவின் ஆண்களும் பெண்களும் அரிக்கேன் விளக்கோடு ஓடினார்கள். நானும் ஓடினேன். நண்டு வளையாகத் தொடங்கிய ஓட்டை, பானை வாயளவு ஆகியிருந்தது. பனைமட்டையும் வைக்கோலும் மண் மூட்டையும் போட்டு அடைக்க அடைக்க, நீர் உமிழ்ந்து தள்ளியது. நீரின் அழுத்தத்தைக் குறைத்தாலன்றிக் கரை நில்லாது என்று கண்ட தந்தை, "பிடிங்கடா கயித்தை!" என்று இடுப்பில் கயிறு கட்டிக் கொண்டு, மடை திறக்க நீருக்குள் மூழ்கினார். முதல் முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வெகுநேரம் வரவில்லை. என் தாய் கரையிலே விழுந்து மண்ணைப் பிடித்துக் கொண்டாள். அவர் வந்தபோது மடை திறந்திருந்தது. மூக்கிலும் காதிலும் குருதி வழிந்தது. அன்று முதல் அவருக்கு இடக் காது கேட்காது.

கரை நின்றது. விடிந்ததும் ஊர் திரண்டது. "சாஸ்தா காப்பாற்றினார்!" என்றார்கள். மேளம் வந்தது, மாலை வந்தது, பொங்கல் மணத்தது. சாஸ்தாவுக்கு வேட்டி சாத்தினார்கள். ஈர வேட்டியோடு என் தந்தை தள்ளி நின்றார். தள்ளித்தான் நிற்க வேண்டும். பூசை முடிந்து ஒருவர் தேங்காய் மூடியைக் கையில் படாமல் அவர் துண்டிலே போட்டார். அதையும் பொறுத்திருப்பேன். பகலில் தாகம் என்று நான் மேற்குத் துறையில் இறங்கிக் கை நீட்டியபோது, "ஏலே, அது உங்க துறையா?" என்று ஒரு குரல் அதட்டியது. அதே கண்மாய்! அதே நீர்! முந்தைய இரவு எவன் உயிரைப் பணயம் வைத்துத் தேக்கி நிறுத்தினானோ, அவன் மகன் அள்ளினால் தீட்டு! தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. டில்லியில் வந்தது, எங்கள் மேற்குத் துறைக்கு வந்து சேர வழி தெரியாமல் எங்கேயோ தங்கிவிட்டது.

"தாத்தாவுக்குக் காது கேட்காதது அதனாலா? வயதினால் என்றல்லவா நினைத்தேன்!" என்றாள் மகள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு விடையும் இல்லை. மதுராந்தகத்துக் கரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மழை இரவிலே கலெக்டர் கண்டது இருவரை. மின்னல் இன்னும் சற்று நீண்டிருந்தால், அவர்களுக்குக் கீழே, சேற்றிலே, மண்கூடையோடு நின்ற இருநூறு பேரையும் கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிளேஸ் தம் காலத்தில் அந்தச் சீமையின் ஏரிகளைப் பழுதுபார்க்கப் பெரிதும் முனைந்தவர், அது வரலாறு. கரையைத் தூக்கி நிறுத்திய தோள்கள் கதையிலும் இல்லை, வரலாற்றிலும் இல்லை.

அருகில்தான் வேடந்தாங்கல். பருவம் முடிந்து பறவைகள் பறந்துவிட்டிருந்தன. நீரற்ற ஏரியில் மரங்கள் எலும்புக் கூடுகளாய் நின்றன. ஒரு செய்தியை மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஊரார் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள், வேட்டு வெடிப்பதில்லை. காரணம், பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம். அறிவுள்ள ஏற்பாடு, போற்றுகிறேன். பறவையின் எச்சம் விழுந்தால் நீர் உரமாகிறது; மனிதனின் விரல் பட்டால் தீட்டாகிறது! இந்த விந்தையை எந்தக் கல்லூரியில் கற்பிக்கிறார்கள்?

பிற்பகல் உத்திரமேரூர் சேர்ந்தோம். இங்கே நான் நெடுநேரம் நின்றேன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். 919, 921-ஆம் ஆண்டுகள். குடவோலைத் தேர்தலைக் கூறுபவை. முப்பது குடும்புகள்; ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் முறை; தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஏரியைப் பேண ஒரு தனிக் குழு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்! அதைவிட என்னைக் கவர்ந்தது மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுமுறை நிற்க முடியாது; அவன் மட்டுமா, அவன் உறவினரும் நிற்க முடியாது! இதைப் படித்தபோது நான் உரக்கச் சிரித்தேன். காவலர் திரும்பிப் பார்த்தார். இன்று அந்த ஒரு விதியை நடைமுறைப்படுத்தினால் எத்தனை மன்றங்கள் காலியாகும்!

மேடைதோறும் நாம் இந்தக் கல்வெட்டைக் காட்டி மார்தட்டுகிறோம். மக்களாட்சியின் தொட்டில் என்கிறோம். தொட்டிலில் யாருடைய குழந்தை கிடந்தது என்று பார்க்க வேண்டாமா? குடத்திலே பெயர் விழுவதற்குத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். ஊரே சதுர்வேதிமங்கலம் அல்லவா! நில உடைமை குறைந்தவனுக்கும் ஒரு சலுகை உண்டு: வேதத்தோடு பாடியமும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி போதும். ஏரி வாரியத்துக்கு வேதம் தேவைப்பட்டது; மடை திறக்கத் தெரிய வேண்டியதில்லை! என் தந்தை அக்காலத்தில் அங்கே பிறந்திருந்தால், வைரமேகத் தடாகம் என்று பல்லவன் பெயர் தாங்கிய அந்த ஏரிக்குள் மூழ்கியிருப்பார். குடத்துக்குள் அவர் பெயர் ஒருநாளும் மூழ்கியிராது. என் மகளின் பெயர்? அதைப் பற்றி அந்தச் சுவருக்கு நினைப்பே இல்லை.

பழமையை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் ஏரிக்காக விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். அதன் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்கே உரியது. தூர் எடுக்க ஓடம் விட்டார்கள். அதற்கு முதல் வைத்தார்கள். அந்த அக்கறையில் பாதி இன்று இருந்தால் போதும் என்பேன். ஆனால் நீரைக் காப்பதில் இருந்த அக்கறை, நீருக்கு முன் மனிதர் சமம் என்பதில் இருந்ததா? இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது: பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியவை என்று! 1927 மார்ச் 20-இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அது ஒரு போராட்டம்! பிறகு சாணமும் பசு மூத்திரமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எல்லாம் பழங்கதை என்று ஆறுதல் கொள்ள முற்பட்டேன். எங்கள் பயணத்துக்கு மூன்றாண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்து கிடந்தது என்ற செய்தி வந்தது. நாளேட்டை மடித்து வைத்துவிட்டு அன்று நான் உண்ணவில்லை.

மூன்றாம் நாள் செம்பரம்பாக்கம். 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் ஏரி, வெடித்த களிமண்ணாய்க் கிடந்தது. 2015 டிசம்பரில் இங்கிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பாய்ந்து நகரை மிரட்டியது. நான்காண்டு கூட ஆகவில்லை, அதே ஏரியின் நடுவே நானும் மகளும் செருப்புக் காலோடு நடந்தோம். பூண்டியும் சோழவரமும் புழலும் அவ்வாறே என்றார்கள். பின்னர் சூலை 12-இல் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலிலே நீர் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள்.

நகருக்குள் நுழைந்ததும் மகள் ஏரிகளைக் காட்டிக்கொண்டே வந்தாள். கட்டடங்களைக் காட்டினாள் என்று சொல்வதே சரி. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்தது தியாகராய நகர். நாம் போற்றும் நீதிக்கட்சித் தலைவரின் பெயர் அதற்கு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் எழுந்தது வள்ளுவர் கோட்டம். 1,330 குறளும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 'வான் சிறப்பு' அதிகாரமும்தான். மழையின் பெருமையை ஏரியின் மேல் நின்று படிக்கலாம்! மாற்றாரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? நான் அந்தக் கோட்டத்தை மாணவர்களோடு சென்று கண்டு கைதட்டியவன். காலடியில் இருந்ததை அன்று நினைக்கவில்லை.

மகள் குடியிருக்கும் தெருவில், விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்தது. லாரிக்கு முன்பே குடங்கள் வந்து வரிசையில் நின்றன. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் பிளாஸ்டிக். குடத்தோடு குடம் இடித்துக்கொண்டு நின்றது. யார் குடம், எந்தத் தெரு, என்ன குலம் என்று எவரும் கேட்கவில்லை. "பெரியவரே, உங்க நம்பர் என்ன?" என்று மட்டும் ஒரு பெண் கேட்டாள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கண்மாய்க் கரையில் நின்ற என் தாய் இதைக் கண்டிருக்க வேண்டும் என்று எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் மற்றொரு லாரி வந்தது. அது எங்கள் வரிசையில் நிற்கவில்லை. எதிரே, காவலாளி நிற்கும் அடுக்கு மாடி வீட்டின் இரும்புக் கதவு திறந்தது, லாரி உள்ளே சென்றது, கதவு மூடியது.

"முப்பத்தேழு!" என்று குரல் வந்தது. என் மகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே சென்றாள்.